மாநில எல்லையில் நின்றுவிடும் எண்கள்: கடலூர், புதுச்சேரி ஊர்களுக்காக இலவசத் தரவுக் கருவிகளைப் பயன்படுத்தும் முறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்பவர்கள் முள்ளோடையில் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். கன்னியக்கோயில் தொழிற்சாலைகளில் வேலைக்குச் செல்பவர்கள், ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளிகள், கல்லூரி மாணவர்கள், மீன் கூடையோடு ஏறும் பெண்கள் என எல்லோருக்கும் அது அன்றாடப் பாதை. பாகூர் ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்காலே தமிழ்நாட்டுப் பக்கத்தில் தென்பெண்ணை ஆற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்துதான் தண்ணீரைக் கொண்டுவருகிறது. வேலையும் தண்ணீரும் வணிகமும் எல்லையைத் தாண்டிச் சென்றாலும், அவற்றைப் பற்றிய அரசுப் புள்ளிவிவரங்கள் எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. கடலூர் மாவட்டக் கையேட்டில் பாகூர் இருக்காது. புதுச்சேரியின் புள்ளிவிவரச் சுருக்கத்தில் நெல்லிக்குப்பம் இருக்காது. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்துப் பார்க்கும் வேலையை எந்த அலுவலகமும் நமக்காகச் செய்து வைத்திருக்கவில்லை என்பதால், ஊர் வளர்ச்சியில் அக்கறை கொண்டவர்களே அதைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவையான கருவிகள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊராட்சி மன்ற உறுப்பினர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் பொறுப்பாளர், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தை நடத்துபவர், கல்லூரி ஆசிரியர் ஆகியோர் அவற்றைக் கையாளும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தளங்களைத் திறப்பதற்கு முன், என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ‘எங்கள் பகுதியின் பொருளாதாரம் எப்படி இருக்கிறது’ என்பது விடை காணக்கூடிய கேள்வி அன்று. ‘பண்ருட்டி வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் வேலையை நம்பி எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை ஆண்டு முழுதும் வேலை பெறுகின்றன’ என்பது விடை காணக்கூடியது. ‘மீன்பிடித் தடைக்காலத்தில் பரங்கிப்பேட்டை ஒன்றியக் கடலோர ஊராட்சிகளில் வேறு வேலை கிடைக்கிறதா’ என்பதும் அத்தகையதே. கேள்வி இந்த அளவுக்குக் கூர்மையாக இருந்தால் எந்தத் தளத்தில் எந்த அட்டவணை வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும். கேள்வி இல்லாமல் தரவிறக்கம் செய்பவர்களின் கணினியில் கோப்புகள்தான் பெருகும்.

அடுத்து, எந்த நிலப்பரப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். கடலூர் மாவட்டம் 1993-இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய மாவட்ட எண்களை இன்றைய கடலூரோடு நேரடியாக ஒப்பிட முடியாது. விழுப்புரத்தின் 2011 மக்கள்தொகையில் கள்ளக்குறிச்சியும் அடங்கியிருக்கிறது, ஏனெனில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல்தான். புவனகிரி, வேப்பூர், ஸ்ரீமுஷ்ணம் ஆகிய வட்டங்கள் 2011 கணக்கெடுப்புக்குப் பின் உருவானவை. அந்தக் கணக்கெடுப்பின் வட்டப் பட்டியலில் அவற்றைத் தேடினால் கிடைக்காது. புதுச்சேரிப் பக்கத்தில் பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, அரியாங்குப்பம் ஆகிய கொம்யூன்களும் (ஊரகப் பகுதிகளுக்கான உள்ளாட்சி அலகுகள்) புதுச்சேரி, உழவர்கரை நகராட்சிகளும் தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. யூனியன் பிரதேசத்தின் மொத்த எண்ணை எடுத்தால் அதில் காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகியவையும் சேர்ந்துவிடும். 2011-இல் பிரதேசம் முழுவதன் மக்கள்தொகை 12,47,953 என்றால் புதுச்சேரி மாவட்டத்தின் மக்கள்தொகை 9,50,289 மட்டுமே. ஆகவே புதுச்சேரி என்று பெயரிட்ட எந்த எண்ணைக் கண்டாலும் அது பிரதேசமா, மாவட்டமா, நகராட்சியா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். கண்ணில் பட்ட அறிக்கைகளில் மிகுதியாக நேரும் பிழை இதுதான்.

அடித்தளமாகக் கொள்ள வேண்டிய மூலம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இயக்குநரகத்தின் தளம். அங்கே கடலூர் மாவட்டத்துக்கும் புதுச்சேரிக்கும் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகள் கிடைக்கின்றன. கிராம வாரியான முதன்மைச் சுருக்கம் எக்செல் கோப்பாகவே கிடைப்பதால் தட்டச்சு செய்யும் வேலை இல்லை. அதன் ஒரு வரிசையைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மாநில எண், மாவட்ட எண், வட்ட எண், ஆறு இலக்கக் கிராம எண், ஊர்ப்பெயர், குடும்பங்கள், மக்கள்தொகை, எழுத்தறிவு பெற்றோர் எனத் தொடர்ந்து, வேலை செய்வோர் பற்றிய பத்திகளுக்கு வரும். ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர்கள் முதன்மைப் பணியாளர்கள் என்றும், அதற்குக் குறைவாக வேலை செய்தவர்கள் குறுங்காலப் பணியாளர்கள் என்றும் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். இரு பிரிவினரும் சாகுபடியாளர், விவசாயத் தொழிலாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற பணியாளர் என நான்கு வகைகளாக, ஆண் பெண் வாரியாகப் பகுக்கப்பட்டிருக்கிறார்கள். ஓர் ஊரில் பெண் பணியாளர்களில் குறுங்காலப் பணியாளர் பங்கு பக்கத்து ஊர்களைவிடக் கூடுதலாக இருந்தால், அங்கே ஆண்டு முழுதும் வேலை இல்லை என்று அந்த ஒரு வரிசையே சொல்லிவிடுகிறது.

அதே கையேட்டின் கிராம விவரப் பகுதியும் சிறிதும் குறைந்ததன்று. ஓர் ஊரில் வங்கி, மேல்நிலைப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பேருந்து வசதி ஆகியவை உண்டா இல்லையா என்பது அதில் பதிவாகியிருக்கிறது. இல்லாத இடங்களில் மிக அருகில் அந்த வசதி எத்தனை தொலைவில் கிடைக்கிறது என்பதற்கு மூன்று குறியீடுகள் இருக்கின்றன: ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் ஒரு குறி, ஐந்து முதல் பத்து வரை என்றால் மற்றொன்று, பத்துக்கு மேல் என்றால் மூன்றாவது. எல்லையோர ஊர்களுக்கு இந்தக் குறியீட்டை எடுத்துக்கொண்டு, மறுபக்க மாநிலத்தில் அதே வசதி உண்மையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பார்க்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்து ஊருக்கு மிக அருகில் உள்ள மருத்துவமனை புதுச்சேரியில் இருக்கக்கூடும். அங்கே மாநிலக் காப்பீட்டுத் திட்டம் செல்லுமா என்ற கேள்வி அந்தக் கணத்திலேயே எழும். இத்தகைய கேள்விகள்தான் வளர்ச்சித் திட்டத்தின் தொடக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின் குறிப்பு நாள் அந்த ஆண்டு மார்ச் 1. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளின் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தது கணக்கெடுப்புக்குப் பத்து மாதம் கழித்து. ஆகவே அந்தப் பகுதிகளின் 2011 தொழிலாளர் பகுப்பு, புயலுக்கு முந்தைய ஒரு பொருளாதாரத்தின் படம். அதை இன்றைய நிலை என்று எடுத்துக்கொண்டு திட்டம் தீட்டினால் தவறிவிடும். ஆனால் அதைப் புயலுக்கு முந்தைய ஒப்பீட்டு அடிப்படையாக எடுத்துக்கொண்டால் மிக அரிய ஆதாரமாகிவிடும். ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின் களப்பணி 2013 ஜனவரி முதல் 2014 ஏப்ரல் வரை நடந்தது. பயிர் சாகுபடி நீங்கலாக, எந்தெந்த ஊரில் எத்தனை தொழில் நிறுவனங்கள், அவற்றில் எத்தனை பேர் என்பதை அது எண்ணியது. வீட்டுக்குள்ளேயே நடக்கும் தொழில்களும் அதில் அடங்கும். இந்த இரண்டையும் ஊர்வாரியாகப் பக்கத்தில் வைத்தால், மரம் போன பிறகு முந்திரி உடைக்கும் தொழில் எங்கே தங்கியது, எங்கே குறைந்தது என்பதற்கு ஒரு தடயமாவது கிடைக்கும். உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை வரவழைத்து உடைக்கும் பட்டறைகள் பண்ருட்டியில் இருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு, தோப்பின் பரப்பும் தொழிலாளரின் எண்ணிக்கையும் ஒரே திசையில் நகர வேண்டியதில்லை என்பது விளங்கும். இறக்குமதியின் போக்கை வணிக அமைச்சகத்தின் தளத்தில் 080131 என்ற சரக்குக் குறியீட்டை இட்டுப் பார்க்கலாம். அது ஓட்டோடு கூடிய முந்திரிக்குரியது, உடைத்த பருப்புக்கு 080132. அந்த எண்கள் நாடு முழுவதற்கும் உரியவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெவ்வேறு ஆண்டுகளின் கணக்கெடுப்புகளை ஊர்வாரியாக இணைப்பது கடினமான வேலை. கிராம எண்கள் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கின்றன. அந்தக் கடினத்தை ஆய்வாளர்கள் ஏற்கெனவே சுமந்து ‘ஷ்ரக்’ என்ற தரவுத் தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். 1991, 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் 1990, 1998, 2005, 2013 பொருளாதாரக் கணக்கெடுப்புகளையும் செயற்கைக்கோள் பதிவு செய்த இரவு வெளிச்சத்தையும் நாடெங்கும் ஊர், நகர வாரியாக ஒரே எண் வரிசையில் அது இணைத்துத் தருகிறது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். அதில் தமிழ்நாட்டுக்குரிய 33, புதுச்சேரிக்குரிய 34 ஆகிய மாநில எண்களையும், கடலூருக்குரிய 617, புதுச்சேரி மாவட்டத்துக்குரிய 635 ஆகிய 2011 மாவட்ட எண்களையும் வடிகட்டி எடுத்தால், இரு பக்கமும் சேர்ந்த ஒரு வட்டாரம் முதன்முறையாக உங்கள் திரையில் தெரியும். இந்த ஒரு கோப்பைச் செய்து முடித்தவர் பாதி வேலையை முடித்தவர் என்றே சொல்வேன்.

கோப்புகளை இணைக்கும்போது ஊர்ப்பெயரை ஒருபோதும் இணைப்புச் சாவியாக, அதாவது இரு கோப்புகளின் வரிசைகளைப் பொருத்தும் அடையாளமாக, கொள்ளாதீர்கள். விருத்தாசலத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ரயில்வேயில் ஒன்று, வருவாய்த் துறையில் வேறொன்று. நல்லூர், புதூர், குப்பம் என முடியும் பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பல இருக்கின்றன. உள்ளாட்சி அடைவு என்று மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் நடத்தும் தளம் ஒவ்வொரு மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருவாய்க் கிராமத்துக்கும் நிலையான எண் தருகிறது. எந்த வருவாய்க் கிராமம் எந்த ஊராட்சியில் அடங்குகிறது என்பதையும் காட்டுகிறது. இது ஏன் இவ்வளவு தேவை என்றால், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணுவது வருவாய்க் கிராமத்தை. திட்டம் போடுவதோ ஊராட்சி. ஒரு வருவாய்க் கிராமம் இரண்டு ஊராட்சிகளில் பிரிந்தும், ஓர் ஊராட்சியில் பல கிராமங்கள் சேர்ந்தும் இருக்கும். அந்தப் பொருத்தப் பட்டியலைத் தனிப் பக்கமாக வைத்துக்கொண்டு, லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸில் தேடிப் பொருத்தும் சூத்திரத்தைப் போட்டால் போதும். எண்களைக் கொண்டுவரும்போது வட்ட எண், கிராம எண் போன்ற குறியீட்டுப் பத்திகளை ‘உரை’ வகையாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியங்களை மென்பொருள் உதிர்த்துவிடும், பொருத்தம் அமைதியாகத் தவறிப்போகும். தமிழில் எழுதிய சி.எஸ்.வி. கோப்பை எக்செல்லில் நேராகத் திறந்தால் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். தரவு இறக்குமதி வழியாகச் சென்று யூ.டி.எஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கணக்கு என்று வரும்போது, தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு விகிதம்தான். வட்டாரப் பொருளியலில் லொகேஷன் கோஷண்ட் எனப்படும் இடச் செறிவு விகிதம் அது. ஓர் ஊரின் பணியாளர்களில் ஒரு தொழிலின் பங்கை, வட்டாரம் முழுவதன் பணியாளர்களில் அதே தொழிலின் பங்கால் வகுக்க வேண்டும். ஓர் ஊரில் 1,000 பணியாளர்களில் 120 பேர் வீட்டுத் தொழில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் பங்கு 12 விழுக்காடு. வட்டாரத்தில் அது 4 விழுக்காடு என்றால் விகிதம் 3. ஒன்றுக்கு மேல் போனால் அந்தத் தொழில் அங்கே செறிந்திருக்கிறது என்று பொருள். வகுக்கும் வட்டாரம் எது என்பதில்தான் விடை தங்கியிருக்கிறது. கிருமாம்பாக்கத்தைப் புதுச்சேரியின் சராசரியோடு ஒப்பிட்டால் அது உழவு மிகுந்த ஊராகத் தோன்றலாம். கடலூர் வட்டத்தோடும் சேர்த்து ஒப்பிட்டால் தொழிற்சாலை வேலை மிகுந்த ஊராகத் தோன்றலாம். இரண்டு விதமாகவும் கணக்கிட்டு, இரண்டையும் பக்கம் பக்கமாகக் காட்டுவதே நேர்மை. மேலும், சிற்றூர்களில் பத்துப் பேர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் துள்ளிவிடும் என்பதால், மொத்தப் பணியாளர் மிகக் குறைவாக உள்ள ஊர்களைப் பக்கத்து ஊர்களோடு சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

சராசரியைப் பற்றியும் ஒரு சொல். 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களும் மின் நிலையங்களும் கடலூர் மாவட்டத்தின் உற்பத்தி மதிப்பையும் முறைசார் வேலையின் எண்ணிக்கையையும் பெரிதாகத் தூக்கிக் காட்டுகின்றன. 2011-இல் நெய்வேலி நகரியத்தின் மக்கள்தொகை 1,05,731; மாவட்டத்தின் மக்கள்தொகை 26,05,914. மாவட்டத்தின் தனிநபர் சராசரியைக் காட்டி மங்களூர் ஒன்றியமோ காட்டுமன்னார்கோயிலோ வசதியாக இருக்கிறது என்று வாதிடுவது அந்த ஊர்களுக்கு இழைக்கும் அநீதி. நெய்வேலியை நீக்கிய ஒரு கணக்கையும் எப்போதும் கூடவே வையுங்கள்.

ஊர் மக்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்து வேலை பார்க்கிறார்கள் என்பதற்கு 2011 கணக்கெடுப்பின் பி-28 என்ற அட்டவணை உதவும். உழவும் வீட்டுத் தொழிலும் நீங்கலான பணியாளர்கள் வீட்டிலிருந்து பணியிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த வாகனத்தில் செல்கிறார்கள் என்பதை அது மாவட்ட வாரியாகத் தருகிறது. திசையை அது சொல்லாது; கடலூரிலிருந்து செல்பவர் புதுச்சேரிக்குப் போகிறாரா நெய்வேலிக்குப் போகிறாரா என்பது அதில் இருக்காது. அந்த இடைவெளியை நீங்களே நிரப்பலாம், அதற்கான வழியைப் பின்னர் சொல்கிறேன்.

புதிய தரவுகளுக்கு வேறு வாசல்கள் உண்டு. மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024 ஜூனில் தொடங்கிய இ-சாங்கியிகி தளத்தில் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் எண்கள் கிடைக்கின்றன. 2025 ஜனவரி முதல் அந்தக் கணக்கெடுப்பின் மாதிரி வடிவமைப்பில் மாவட்டம் அடிப்படை அலகாக ஆக்கப்பட்டிருக்கிறது. ஆனால் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து ஊராட்சிக்கோ ஒன்றியத்துக்கோ எண் எடுக்க முயலாதீர்கள். மாதிரியின் அளவு அதற்கு இடம் தராது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 மாவட்டத் தாள்களுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும். சிறு, குறு தொழில்களுக்கு உத்யம் பதிவுத் தளம் மாவட்ட வாரியாக எண்ணிக்கை தருகிறது. 2020 ஜூலையிலிருந்து பதிவு செய்தவர்களைத்தான் அது காட்டுகிறது என்பதால், எண் உயர்ந்தால் தொழில் பெருகிற்று என்று பொருள் அன்று, பதிவு பெருகிற்று என்றே பொருள். பள்ளிகளுக்கு யூடைஸ் பிளஸ் தளமும், சந்தை விலைக்கு அக்மார்க்நெட்டும் இருக்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வந்த சரக்கின் அளவும் விலையும் அக்மார்க்நெட்டில் நாள்வாரியாகப் பதிவாகின்றன.

கடன் பற்றிய தரவை வளர்ச்சி பேசுபவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து. ரிசர்வ் வங்கியின் தரவுத்தளத்தில் மாவட்ட வாரியாக வங்கி வைப்புத் தொகையும் வழங்கப்பட்ட கடனும் காலாண்டுதோறும் வருகின்றன. கடனை வைப்பால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், அந்த மாவட்டத்தில் மக்கள் போட்ட பணத்தில் எவ்வளவு அந்த மாவட்டத்திலேயே கடனாகத் திரும்பியது என்பதைக் காட்டும். வேளாண், ஊரக மேம்பாட்டு வங்கியான நபார்டு ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வெளியிடும் வளம்சார் கடன் திட்ட அறிக்கையில், எந்தத் தொழிலுக்கு எவ்வளவு கடன் வழங்க வாய்ப்பு இருக்கிறது என்று மதிப்பிட்டிருப்பார்கள். வங்கி மேலாளரிடம் சுய உதவிக் குழு கடன் கேட்கச் செல்லும்போது, அந்த அறிக்கையின் உரிய பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுசெல்வது பேச்சின் தொனியையே மாற்றிவிடும்.

கடலோர ஊர்களுக்கான ஓர் ஆய்வை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 2016 கடல் மீனவர் கணக்கெடுப்பு, மீனவ ஊர்களில் குடும்பங்கள், படகுகள், துணைத் தொழில்கள் பற்றிய விவரங்களைத் தருகிறது. மறுபுறம், 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் ஊராட்சி வாரியாக ஒவ்வொரு மாதமும் எத்தனை குடும்பங்கள் வேலை கேட்டன, எத்தனை பெற்றன என்ற பதிவுகள் அதன் பொதுத் தளத்தில் திறந்தே கிடந்தன. பரங்கிப்பேட்டை ஒன்றியத்தின் கடலோர ஊராட்சிகளையும் உள்நாட்டு ஊராட்சிகளையும் இரு குழுக்களாகப் பிரித்து, ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் வேலை கேட்டவர்களின் எண்ணிக்கையை ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடலோரக் குழுவில் மட்டும் எண்ணிக்கை எழுந்தால் தடைக்கால நிவாரணம் போதவில்லை என்று வாதிட ஓர் அடிப்படை கிடைக்கும். எழாவிட்டால், தேவை இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. மீனவர் குடும்பங்களிடம் வேலை அட்டை இருந்ததா, வேலைத்தளம் ஊருக்கு அருகில் இருந்ததா என்பதைச் சென்று கேட்க வேண்டும். கேட்கப்படாத தேவை எந்தத் தளத்திலும் பதிவாவதில்லை.

வரைபடத்துக்கு வருவோம். இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலப்பயன்பாட்டு அடுக்குகள் இருக்கின்றன. கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோவில் பழைய செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் கடிகாரச் சின்னம் ஒன்று உண்டு. அதை அழுத்தி ஆண்டுகளைப் பின்னோக்கி நகர்த்தினால், 2011-க்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் இருக்கும் இடங்களில் பண்ருட்டித் தோப்புகள் மறைந்ததும் மெல்லத் திரும்பியதும் கண்ணுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலையும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் ஆய்வதற்கும் இதே வழிதான். எண்களை வரைபடத்தில் ஏற்ற கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிராம எல்லைக் கோப்பையும் உங்கள் அட்டவணையையும் கிராம எண்ணின் வழியாக இணைத்து நிறம் தீட்டினால், மாநில எல்லையின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் தொடரும் இடங்களும் சட்டென்று முறியும் இடங்களும் தென்படும். முறியும் இடங்களை உற்றுப் பாருங்கள். வாழ்க்கை முறை அங்கே உண்மையாகவே மாறுகிறதா, இரு அரசுகளும் எண்ணிய விதம்தான் மாறுகிறதா என்பதை வேறு மூலத்தைக் கொண்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும்.

தளங்களில் இல்லாததை நீங்களே திரட்டுவதற்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற இலவசக் கருவி போதும். கேள்விகளைத் தமிழிலேயே அமைக்கலாம். கைப்பேசியில் இணையம் இல்லாத இடத்திலும் விடைகளைப் பதிந்து, இணைப்பு வந்ததும் அனுப்பலாம். எல்லை தாண்டிச் செல்லும் பணியாளர்களை அறிய, காலை வேளையில் கடலூர் பேருந்து நிலையத்திலும் முள்ளோடையிலும் ஏறுபவர்களில் ஐந்தில் ஒருவரிடம் எந்த ஊர், எந்த இடத்தில் வேலை, மாதத்தில் எத்தனை நாள் என மூன்றே கேள்விகள் கேட்டால் பி-28 அட்டவணை சொல்லாத திசை தெரிந்துவிடும். முந்திரி உடைக்கும் பெண்களிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்று கேட்டால் ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பதே பலரின் விடையாக இருக்கும். ‘போன வாரம் எத்தனை நாள் கொட்டை உடைத்தீர்கள், கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள்’ என்று கேட்க வேண்டும். பெரிய கணக்கெடுப்புகளில் இந்தப் பெண்கள் விடுபடுவதற்குக் கேள்வியின் அமைப்பும் ஒரு காரணம். பெயர், ஆதார் எண், கைப்பேசி எண் எதையும் வாங்காதீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லி இசைவு பெற்ற பின்னரே தொடங்குங்கள். ஓர் ஊரில் ஒரு பிரிவில் ஐந்து பேருக்கும் குறைவாக இருந்தால் அந்த எண்ணைத் தனியே வெளியிடாதீர்கள். யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

திரட்டியதை எங்கே கொண்டுசெல்வது என்பது எல்லையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் இடம்பெற வேண்டியவற்றை அக்டோபர் 2 கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரிடம் எழுத்தாகக் கொடுத்துவிடுவது நல்லது. உங்கள் ஊராட்சியின் முந்தைய திட்டமும் செலவும் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் இருக்கின்றன. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் மிஷன் அந்தியோதயா கணக்கெடுப்பில் உங்கள் ஊரில் என்னென்ன வசதிகள் உள்ளதாகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருப்பதாகப் பதிவாகி உண்மையில் இல்லாத ஒரு வசதியைச் சபையில் படித்துக் காட்டினால், அதைத் திருத்தும் தீர்மானம் அன்றே நிறைவேற வாய்ப்பு உண்டு. புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தபின் நெடுங்காலம் தேர்தல் நடக்காததால், கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்திவந்திருக்கிறார்கள். அங்கே கொம்யூன் ஆணையரிடமும் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடமும் மனுவாகக் கொடுப்பதே நடைமுறை வழி. இணையத்தில் கிடைக்காத தரவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். எந்த ஆண்டு, எந்த அலகு, எந்த வடிவில் வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதினால் விடையும் துல்லியமாக வரும்.

சபையில் காட்ட இரண்டு படங்களும் ஒரு அட்டவணையும் போதும். படத்தின் கீழே மூலம், ஆண்டு, எல்லை ஆகிய மூன்றையும் தமிழிலேயே எழுதுங்கள். டேட்டாராப்பர் போன்ற இலவசக் கருவிகளில் தமிழ் யூனிகோடு எழுத்து நன்றாகவே வருகிறது. நூறில் எத்தனை பேர் என்று சொன்னால் விளங்குவது, விழுக்காட்டுப் புள்ளி என்று சொன்னால் விளங்குவதில்லை.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1 என அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஊர்வாரி எண்கள் வெளியாகும் நாளில் 2011-ஓடு ஒப்பிட வேண்டுமானால், உங்கள் பகுதியின் 2011 கிராம எண், உள்ளாட்சி அடைவு எண், இடையில் நடந்த வட்டப் பிரிப்புகள், பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ மாறிய ஊர்கள், 2021-இல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்ட கடலூரின் எல்லை ஆகியவற்றைக் கொண்ட பொருத்தப் பட்டியலை இப்போதே செய்து முடித்து, எந்தத் தளத்திலிருந்து எந்த நாளில் எடுத்தது என்ற குறிப்போடு, உங்கள் குழுவில் குறைந்தது இருவரிடமாவது வைத்திருங்கள்.